தட்டு அடங்கும் வரை

தி.நகர் நகைக்கடையில் மதுமதியின் முழங்கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருக்கிறது. மின்தராசு காட்டும் எடையைக் கணினிக்குக் கொண்டுவரும் பழைய கெர்னல் டிரைவர் நிரலைக் காலையில்தான் சுத்தம் செய்தாள். அதில் ‘அரை நொடி பொறு’ என்று யாரோ எழுதியிருந்த வரியை, எதற்கென்று தெரியாமல், வீண் என்று அழித்துவிட்டாள். இப்போது, விற்க வந்த தாயம்மா கழற்றிக் கொடுத்த தோடு தட்டில் கிடக்கிறது. மின்விசிறிக் காற்றில் தட்டு நடுங்குகிறது; அது அடங்குமுன்பே திரையில் எண் வந்து குதிக்கிறது, குறைகிறது, கூடுகிறது.

“இன்னாம்மா, ஆடிக்கினே கீது?” என்கிறாள் தாயம்மா.

கடைக்காரரான மதுமதியின் மாமனார் தனபாலன் குறைந்த எண்ணைப் பார்த்துப் பேனாவைத் திறக்கிறார்.

“எழுதாதீங்க மாமா!”

“நம்பர்தான் வந்துட்டுல்லா?”

மதுமதியின் விரல்கள் காலையில் அழித்த அந்த வரியைத் திரும்ப அடிக்கின்றன, தப்பாக, மறுபடி தப்பாக. எதிரே தாயம்மா வெறுங்காதைத் தடவியபடி, தன் மூச்சு தட்டில் பட்டுவிடாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.