தாமதமாக வரும் பதில்

கிர்ர்ர் என்று ஓர் இரைச்சல். அதற்குப் பிறகுதான், மொட்டைமாடி டிஷ் ஆன்டெனா கூப்பிட்டதற்கு வானத்துச் செயற்கைக்கோள், "சொல்லுப்பா" என்றது.

"பாத்தியா, எப்பவும் தாமதிச்சுத்தான் பேசுது. என்ன பொய் சொல்லலாம்னு யோசிக்குது," என்றது டிஷ்ஷின் விளிம்பில் உட்கார்ந்திருந்த காகம். "ஒரே இடத்துல நின்னு உன்னையே முறைக்குது வேற. நீ பேசாம மல்லாந்து படுத்துக்கோ."

டிஷ்ஷுக்கும் சந்தேகம்தான். "ஏன் நகராமலே நிக்கிறே?"

வழக்கமான தாமதம்.

"நிக்கலப்பா, ஓடறேன். பூமி சுத்துற வேகத்துக்குச் சரியா நானும் சுத்தறதால நிக்கிற மாதிரி தெரியுது. ரொம்பத் தூரம் வேற. உன் கேள்வி ஏறி வரணும், என் பதில் இறங்கி வரணும்."

டிஷ் காகத்தைக் கேட்டது: "நான் மல்லாந்தா உனக்கென்ன லாபம்?"

விளிம்பிலேயே இருந்த காகம் பதில் சொல்ல வெகுநேரம் எடுத்துக்கொண்டது. அதன் காலடியில் கூடு கட்டக் கொண்டுவந்த சுள்ளி கிடந்தது.

டிஷ் பழையபடி கீழ்வீட்டு டிவிக்குச் சிக்னல் பிடிக்க ஆரம்பித்தது.