கத்துறதுக்கு ஒரு ஆள்

“பைக்ல போறதெல்லாம் கிடையாது. பேச்சு முடிஞ்சுது.”

அப்பா இதை மெதுவாத்தான் சொன்னார். அதாவது, அவரைப் பொறுத்தவரைக்கும் மெதுவா. இருபது வருஷமா லேத் பட்டறையில வேலை. அந்தச் சத்தத்துல காது பாதி கேக்காமப் போச்சு. அவர் ரகசியம் பேசினா எதிர் வீட்ல பதில் சொல்லுவாங்க.

“மொத்த கிளாஸும் டூர் போகுதுப்பா! ரெண்டே நாள். நான் என்ன பால்வாடியா? காலேஜ் ரெண்டாம் வருஷம்!”

“மூணாம் வருஷமா இருந்தாலும் இதேதான்.”

“காரணம் சொல்லுங்க.”

“நான் சொல்றேன்ல, அதான் காரணம்.”

“இதுக்குப் பேரு சர்வாதிகாரம்!”

“என்னது?”

“சர்வாதிகாரம்!”

“சரி, அப்படியே வெச்சுக்கோ.”

இவர்கிட்ட வாதாடுறதுக்கு அந்த லேத் மெஷின்கிட்டயே வாதாடலாம். அதுக்காவது ஆஃப் பண்ண ஒரு சுவிட்ச் இருக்கு.

அம்மா குறுக்க வந்தா. எலும்பு முறிவு வார்டுல நர்ஸ். டியூட்டி முடிஞ்சு வந்து யூனிஃபார்மைக்கூட மாத்தல.

“பாவங்க, ஆசைப்படறா. விடுங்களேன்.”

“நீ சும்மா இரு. எல்லாம் நீ குடுக்குற செல்லம்!”

வீடே அதிர ரூம் கதவைச் சாத்தினேன். ராத்திரியில ஃபோனா? கூடாது. லேட்டா வர்றதா? கூடாது. இந்த வீட்ல ‘கூடாது’ங்கற வார்த்தைக்கு அவர்தான் மொத்த வியாபாரி.

பின்னாலயே அம்மா வந்தா. எனக்கு அவ அம்மா இல்ல, ஃப்ரெண்டு. மடியில படுத்து எல்லாத்தையும் கொட்டினேன். என்னை ஏத்திக்கிட்டுப் போறதா இருந்தவனுக்கு லைசென்ஸே இல்லங்கறதைக்கூட.

தலையைக் கோதிக்கிட்டிருந்த கை ஒரு நிமிஷம் நின்னுச்சு. ஆனா திட்டல.

“உன்னை மாதிரி அவர் ஏம்மா இல்ல?”

அம்மா எழுந்து சமையல் ரூமுக்குப் போயிட்டா.

கொஞ்ச நேரத்துல அங்கேருந்து அப்பாவோட ரகசியம், சாத்தின கதவைத் தாண்டி என் காதுல விழுந்துச்சு.

“லைசென்ஸ்கூட இல்லையா? நல்லவேளை, ‘போகக் கூடாதுன்னு சொல்லிடுங்க’ன்னு காலையிலயே நீ சொன்னே... ஏய், இப்ப எதுக்கு அழுற? இனிமே நீயே திட்டுறியா? வேணாம்மா. கெட்ட பேரு என்னோடயே இருக்கட்டும். உன்மேலயும் கோவிச்சுக்கிட்டா, அடுத்த தடவை இந்த மாதிரி விஷயத்தை அவ யார் மடியில படுத்துச் சொல்லுவா?”