முன்மாதிரித் தம்பதி

"இனிமே அவளோட சேர்ந்து வாழ முடியாதுடா. நாளைக்கு வக்கீலைப் பார்க்கப் போறேன்" என்றான் போட்டோகிராபர்.

பள்ளியில் அவனுடன் படித்த பல் டாக்டரும் டீச்சரும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். நண்பர்களில் யாருக்கு வீட்டில் சண்டை என்றாலும், இவர்கள் வீட்டு சோபாவில்தான் வந்து உட்காருவார்கள்.

"உட்கார்ந்து பேசிப் பார்த்தியா?" என்றாள் டீச்சர்.

"பேசினாத்தான் சண்டையே. நீங்க ரெண்டு பேரும் எப்படித்தான் சமாளிக்கிறீங்க?"

"இவ கத்துவா. நான் காது கேக்காத மாதிரி இருந்துடுவேன்" என்றான் பல் டாக்டர். அவள் சிரித்துக்கொண்டே அவன் முதுகில் ஒரு தட்டு தட்டினாள்.

போட்டோகிராபர் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். "உங்களைப் பார்த்தா இன்னொரு தடவை முயற்சி பண்ணலாம்னு தோணுது. வக்கீல் வேண்டாம், வீட்டுக்கே போறேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினான்.

அவன் தெருமுனை திரும்பும்வரை இருவரும் வாசலில் நின்று கையசைத்தார்கள். பிறகு பல் டாக்டர் பைக் சாவியை எடுத்தான்.

"நானும் கிளம்பறேன். என் ரூமுக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும்."

"விவாகரத்து ஆகி நாலு மாசமாச்சு. இன்னும் எத்தனை நாள் இப்படி வந்து புருஷனா உட்காருவே? இவன்கிட்டயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நேரா வக்கீல்கிட்ட போயிருப்பான்."

"போகட்டுமே. நாமளும் இன்னொரு தடவை, இன்னொரு தடவைன்னுதான் மூணு வருஷம் ஒருத்தரை ஒருத்தர் கொன்னோம்."

அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். அழுகிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கும் உரிமையும் இப்போது இல்லை.