ஜோபியின் மாதச் செலவு

“ஏழாயிரத்துக்கு ஜன்னல் வச்ச ரூம் கெடைக்காது சார். எட்டுன்னு போடுங்க” என்றாள் அன்னமேரி.

மிக்கேல்ராஜ் பேனாவை நிறுத்தி அவளைப் பார்த்தார். வண்டிப்பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மருந்துக் கடைக்கு மேலே ஓர் அறையில் உட்கார்ந்து எஸ்டேட் ஆட்களுக்கு மனுவும் ஃபாரமும் எழுதிக் கொடுப்பவர் அவர். எத்தனையோ குடும்பங்களின் வரவு செலவை எழுதிய கை. வாடகையை ஏற்றிச் சொல்லுகிற அம்மாவை இப்போதுதான் பார்க்கிறார்.

“எர்ணாகுளத்துல உங்க மகனுக்குத் தனி ரூம் எதுக்கும்மா? ஆறு பேரு சேந்து இருந்தா ஆளுக்கு ஆயிரத்து ஐநூறுதான் வரும்.”

“அது ஆகாது சார். காலை நீட்ட எடம் வேணும்.”

பக்கத்தில் இருந்த மகள் ஜிஸ்மி செல்போனில் எட்டாயிரத்தைத் தட்டினாள். நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறவள். பீஸ் கட்டவில்லை என்று போன வாரம் காலேஜிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணன் பேரை எடுத்ததிலிருந்து அவள் தலை நிமிரவில்லை.

அன்னமேரி எர்ணாகுளத்துக்கு ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறாள், மகன் ஜோபியின் பெட்டியை எடுத்துவர. அவன் வேலை பார்த்த கிடங்குக்குப் பின்னால் ஓர் அறை. ஜன்னல் கிடையாது. தரையில் ஆறு பாய். ஜோபியின் பாய் கக்கூஸ் கதவை ஒட்டிக் கிடந்தது. கதவைத் திறந்தால் தலையில் இடிக்கும், அதனால் கீழே நகர்ந்து, முழங்காலை மடக்கிக்கொண்டுதான் படுக்க முடியும்.

கூட இருந்த பையன்கள்தான் சொன்னார்கள். ஜோபி ராத்திரியில் சாப்பிடுவதில்லையாம். ஒரு டீ, ஒரு பன், அவ்வளவுதான். சம்பளம் வந்த அன்றைக்கே முக்கால்வாசியை ஊருக்கு அனுப்பிவிடுவானாம்.

அவளிடம் போனில் அவன் சொன்னது வேறு. “சாப்பிட்டேம்மா. மத்தி வறுத்துருந்தாங்க. வயிறு நெறஞ்சிருச்சு.” தினமும் ஏழு மணிக்கு இதே பேச்சு. ஏழு மணியானால் அடுப்படியில் இருக்கும் அன்னமேரியின் காதில் அந்தக் குரல் விழும். விழுந்ததும் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகாது.

“சரி, சாப்பாட்டுக்கு?” என்றார் மிக்கேல்ராஜ்.

“காலைல புட்டோ தோசையோ. மத்தியானம் மீன் வச்சு ஊணு. ராத்திரிக்கும் சோறுதான் சார், பன்னு கின்னு எழுதிராதீங்க. மொத்தம் ஆறாயிரம்.” கொஞ்சம் யோசித்தாள். “ஞாயித்துக்கிழமைக்குக் கோழிய விட்டுட்டேன். ஏழுன்னு போடுங்க.”

அதற்குப் பிறகு அவள் நிறுத்தவில்லை. பஸ் காசு, கரண்டு, சோப்பு, வருஷத்துக்கு இரண்டு ஜோடி செருப்பு, மாதம் ஒரு தடவை மலையேறி வீட்டுக்கு வந்து போகிற செலவு. இத்தனை நாளாக மனசுக்குள் போட்டு வைத்திருந்த கணக்கு மாதிரி மடமடவென்று வந்தது.

ஜிஸ்மி கூட்டிச் சொன்னாள். “பதினேழாயிரத்து ஐநூறு.”

மிக்கேல்ராஜ் கண்ணாடியைக் கழற்றினார். “ஜோபிக்குச் சம்பளமே பதினெட்டு. பதினேழரை அவனுக்கே போச்சுன்னா வீட்டுக்கு என்னத்த அனுப்புவான்? இப்படி இருக்கணும்னா முப்பதாயிரம் சம்பளம் வேணும்மா.”

“அதத்தான் சார் நானும் சொல்லுதேன். அந்தச் சம்பளத்துல அந்தச் சிட்டில மனுசன் இருக்க முடியாது.”

வெளியே பனிமூட்டமாய் மஞ்சு இறங்கி, எதிரே நின்ற பஸ்ஸின் போர்டு கூடத் தெரியவில்லை.

மிக்கேல்ராஜ் குரலைத் தணித்தார். “அம்மா, நான் சொல்றதக் கேளுங்க. அவன் செலவு கூடக் கூட உங்க கைக்கு வர்றது கொறையும். அஞ்சாயிரம்தான் அவன் செலவு, பதிமூணு வீட்டுக்குன்னு எழுதுறேன். உண்மையும் அதுதானே?”

“உண்மைதான் சார்.”

“பெறகென்ன?”

அவர் வாடகையை அடித்துத் திருத்தினார். கோழியை அடித்தார். செருப்பை ஒரு ஜோடியாக்கினார். அன்னமேரி பார்த்துக்கொண்டே இருந்தாள். பேனா ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்தபோது, தேயிலைக் கொழுந்துக் கறை ஏறிய தன் உள்ளங்கையை அந்த வரியின்மேல் வைத்து அழுத்தினாள்.

“கைய எடுங்கம்மா.”

அவள் எடுக்கவில்லை.

“இந்தப் பிள்ளை பீஸ நெனச்சுப் பாருங்க. இவ படிப்பு முடிய வேண்டாமா?”

அப்போதுதான் ஜிஸ்மி தலையைத் தூக்கினாள். கண் சிவந்திருந்தது. “எம்பேரச் சொல்லி வெட்டாதீங்க சார். பீஸுக்கு நான் வேற வழி பாக்கேன். அம்மா சொன்னத அப்படியே எழுதுங்க.”

மிக்கேல்ராஜுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தாயையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒங்க நல்லதுக்குத்தான சொல்றேன். இந்த ஒரு வரியில அப்படி என்னம்மா இருக்கு?”

அன்னமேரி கையை எடுக்காமலே சொன்னாள்.

“அவன்மேல லாரி ஏறுன நாள் வரைக்கும் எம்புள்ள அரைவயிறுதான் சார். நஷ்டஈட்டு மனுவுலயாவது வயிறாரத் திங்கட்டும்.”