காத்தோங் தண்ணீர்

கடல் சாமந்தி சுருங்கிக் கொட்டைப்பாக்கு அளவுக்கு வந்திருந்தது. பாறையில் ஒட்டிக்கொண்டு, பூ மாதிரி இழை விரித்து இரை பிடிக்கும் பிராணி அது.

சுவிசேஷமுத்து தொட்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, மூக்கு கண்ணாடியில் இடிக்கிற மாதிரி பார்த்தான். துறைமுகத்தில் மருதப்பனோடு வேலை பார்ப்பவன். அவன் வீட்டிலும் உப்புத்தண்ணீர்த் தொட்டி உண்டு.

மருதப்பன் கையைப் பிசைந்துகொண்டு பின்னால் நின்றார். சிங்கப்பூர் கெர்பாவ் ரோட்டு மாடி அறைக்கு இருந்தது ஒரே ஜன்னல். அதன் வெளிச்சத்தைத் தொட்டிக்கே விட்டுக்கொடுத்திருந்தார்.

சுவிசேஷமுத்து கறி கோத்துச் சுடும் சத்தே குச்சி ஒன்றில் இறால் துணுக்கைச் செருகி உள்ளே நீட்டினான். வெளியே தெரிந்த ஒன்றிரண்டு இழைகள் அதைத் தொட்டன. ஒட்டின. அப்புறம் விட்டுவிட்டன.

"ஒட்டுது. காலும் பாறையை நல்லாப் பிடிச்சிருக்கு. சாகப்போறது இப்படி இருக்காது லா. தண்ணி எப்ப மாத்தினீங்க?"

"ஞாயித்துக்கிழமை."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை."

"முழுசாவா?"

"முழுசா."

சுவிசேஷமுத்து எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டான்.

"பாசம் அதிகமாயிடுச்சு அண்ணே. வாரா வாரம் வீடு மாறினா நமக்கே சோறு இறங்காது. அதை அப்படியே விடுங்க. தண்ணி வத்தினா, குழாய்த் தண்ணிய ஒரு நாள் திறந்து வச்சு, வத்தின அளவுக்கு மட்டும் ஊத்துங்க. உப்பு எங்கயும் போயிடாது. பொங்கல் வரைக்கும் நீங்க காத்தோங் கடற்கரைப் பக்கமே போக வேணாம்."

காப்பி கொண்டுவந்த அவர் மனைவி சிவகாமசுந்தரி எல்லாவற்றையும் கேட்டபடி டம்ளரை நீட்டினாள்.

பிழைத்துக்கொள்ளும் என்று சொன்னதற்கு மருதப்பன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவர் முகம் அப்படி இல்லை.

மீன் வளர்ப்பெல்லாம் அவருக்குச் சம்பந்தமில்லாத விஷயமாகத்தான் இருந்தது. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காத்தோங் கடற்கரையிலிருந்து ஈரச்சாக்கில் சுற்றி ஒரு பாறைத் துண்டைக் கொண்டுவந்தார். அதில் இது இருந்தது.

பிறகு அவரே ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். தகரத்தில் தண்ணீர் எடுத்தால் துரு இறங்கும் என்று மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி இரண்டு வாங்கினார். சோப்புக் கையைத் தொட்டியில் விடமாட்டார். தின்றுவிட்டுத் துப்பிய இறாலை நாற்றம் எடுக்குமுன் பொறுக்கிவிடுவார். ஞாயிறு தவறாமல் பஸ் ஏறிக் காத்தோங் போய், கண்டக்டரின் முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டே தளும்பத் தளும்பக் கடலைக் கொண்டுவருவார். போனால் திரும்ப மத்தியானம் தாண்டும்.

கீழ்வீட்டுத் தங்கம்கூடக் கேட்டுவிட்டாள், கட்டின பெண்டாட்டிக்கு இத்தனை தூரம் போய் எதையாவது வாங்கி வந்திருக்கிறாரா என்று.

அந்த வாரம் முழுக்க மருதப்பன் தொட்டியைத் தொடவில்லை. சாமந்தி கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. சனிக்கிழமை காலை ஒரு துண்டு இறாலை இழுத்து விழுங்கியது.

ஞாயிற்றுக்கிழமை குளித்துக் கிளம்பினவர், நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினால் அது செத்துப்போகும். செத்துப்போனபின் தண்ணீர் எதற்கு? கொண்டுவராவிட்டால் அது நன்றாக இருக்கும். நன்றாக இருப்பதற்கும் தண்ணீர் வேண்டாம். எப்படிப் பார்த்தாலும் காத்தோங்குக்குப் போக அவருக்கு வேலையில்லை.

சிவகாமசுந்தரி வாளியைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள்.

"நேரமாகுது. தண்ணிக்குப் போகலையா?"

"மாத்தக் கூடாதுன்னு சொன்னானே, நீயும் கேட்டியே."

"ஊத்த வேணாம். போய் எடுத்துட்டு மட்டும் வாங்க."

அவர் வாளியைத் தூக்கினார். காலி வாளியின் கனமாக இல்லை. மூடியைத் திறந்தார்.

உள்ளே அவளுடைய பழைய நூல் புடவை ஒன்று, துவைத்து நான்காக மடித்திருந்தது. உடுத்தி உடுத்தி மெத்தென்று ஆனது. தூளி கட்டத் தோதானது. அதன்மேல் ஒரு பொட்டலம் வசம்பு.

மருதப்பன் நிமிரவில்லை.

அவர்களுடைய ஒரே மகள் லீலா, எட்மண்டைக் கட்டிக்கொண்டு காத்தோங்குக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. கல்யாணம் மாதா கோயிலில் நடந்தது. அன்றைக்குச் சிவகாமசுந்தரி பின்கட்டுக் குழாயடியில், அத்தனை குடும்பமும் பார்க்க, தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, மகளைத் தலைமுழுகிவிட்டேன் என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே வீட்டில் எழுந்ததில்லை. பிள்ளை பிறந்ததை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"உனக்கு யாரு சொன்னா?"

"கடல் தண்ணி பட்டா உப்புப் பூக்கும். தோள்ல பால் வாடை அடிக்காது. உங்க சட்டையை நான்தான துவைக்கிறேன்."

அவள் குனிந்து, புடவையின் மடிப்பைச் சரிசெய்தாள்.

"பையனா, பொண்ணா?"

"பொண்ணு."

சிவகாமசுந்தரி தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு மூடியை வைத்து, இரண்டு கையாலும் அழுத்தி இறுக்கினாள்.

"வரும்போது தண்ணியோட வாங்க. வெறும் வாளியோட வந்தா கீழ்வீட்டுல கேப்பாங்க."