படகைப் பிடித்த விரல்

களிமண் படகை அரிசியளவு நகர்த்த வேண்டும், கையை எடுக்க வேண்டும், பிறகுதான் போட்டோ. அனிமேஷன் சொல்லித்தரக் கடலோரப் பள்ளிக்கு வந்திருந்த பரிதி இதைத் தொண்டை வறளச் சொல்லியிருந்தான். பிள்ளைகள் எடுத்த படங்களை வரிசையாக ஓட்டிப் பார்த்தால், நீலத்துணிக் கடலில் போகும் படகின் பின்முனையைப் பிடித்தபடி ஒரு விரலும் கூடவே போகிறது.

"யாரு கை இது?"

ஜெனோவா எழுந்தாள். கடலுக்குப் போன அவள் அப்பா மூன்று வாரமாகத் திரும்பவில்லை.

"விட்டா போயிரும் சார்."

படங்களை அழிக்கப் போன பரிதி கையை எடுத்தான்.

"திருப்பி ஓட்டுங்க சார்" என்றாள் ஜெனோவா.

கடைசிப் படத்திலிருந்து பின்னோக்கி ஓட்டினான். விரல் படகை இழுத்துவந்து கரை சேர்த்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஜெனோவா மட்டும் திரையருகே போய்ப் படகுக்குள் எட்டிப் பார்த்தாள்.

அதில் களிமண்ணால் ஒரு ஆளைச் செய்து வைக்க மட்டும் பரிதி சொல்லியிருக்கவில்லை.