குளிரில் இருக்கணும்

பிரிட்ஜ் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே மங்கலாகத் தெரிந்த கதவுத் தட்டில், காலையில் பார்த்துவிட்டுப் போன மருந்துப் பெட்டி இல்லை.

தரையில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. மாமனார் வந்து போயிருக்கிறார். ஐஸ் பேக்டரியில் நாளெல்லாம் ஈரத்தில் நிற்கிற மனுஷன். வீட்டுக்குள் கால் வைத்தால் போகிற இடமெல்லாம் சொட்டிக்கொண்டேதான் போவார்.

பெட்டியில் இருந்தவை ஹார்மோன் ஊசிகள். மாத்திரையெல்லாம் தின்று தீர்த்து, ஒன்றும் தங்காமல், கடைசியில் ஊசிக்கு வந்து நிற்கிறார்கள். இன்று சாயங்காலம் முதல் ஊசி. இன்று தொடங்காவிட்டால் இந்தத் தடவை போச்சு. இன்னொரு தடவை பார்க்கலாம் என்று டாக்டரம்மா வாய் தவறிக்கூடச் சொல்லவில்லை.

நர்ஸ் அந்தப் பெட்டியைப் பச்சைக் குழந்தையைக் கொடுப்பதுபோல்தான் கொடுத்தாள். எப்போதும் குளிரில் இருக்க வேண்டும், ஆனால் பிரீசரில் மட்டும் வைத்துவிடாதே, உறைந்தால் மருந்து செத்தது, அப்புறம் அதைக் குத்துவதும் வெறும் தண்ணீரைக் குத்துவதும் ஒன்று என்றாள்.

மாமனாரிடம் அத்தனையும் விளக்க இவளுக்குக் கூச்சம். "இது எப்பவும் குளிர்ல இருக்கணும் மாமா. எடுத்து வெளிய வெச்சிடாதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவர் பெட்டியை ஏற இறங்கப் பார்த்தார். "கறிக்கோழியத்தான் ஊசி போட்டு வளக்கறாங்கன்னு நெனச்சேன்" என்றார்.

அதற்கப்புறம் பிரிட்ஜைத் திறந்தால் பெட்டியை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் மூடுவார். டாக்டர்கள் எல்லாம் கூட்டுக் களவாணிகள், ஊசியில் பிறக்கிறது என்னவாக இருக்குமோ யார் கண்டது என்று மகனிடம் முணுமுணுத்ததும் இவள் காதில் விழுந்திருந்தது.

அலமாரியைக் கலைத்தாள். குப்பைக்கூடையைத் தரையில் கவிழ்த்தாள். சத்தம் கேட்டு மாடி வீட்டுக்காரி இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள்.

"உன் மாமனார் மத்தியானம் எதையோ துண்டுல சுத்தி அக்குள்ல இடுக்கிக்கிட்டு ஓடினார். கூப்பிட்டேன், திரும்பல. திருடன் கணக்கா ஓடறார்."

புருஷனுக்குப் போன் போட்டாள். அப்பா அப்படியெல்லாம் செய்ய மாட்டார் என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். பிறகு, "அப்படி மட்டும் செஞ்சிருந்தா, இனிமே அந்தாளு நம்ம வீட்டுப் படி ஏறக் கூடாது" என்றான்.

ஐஸ் பேக்டரி இரண்டு தெரு தள்ளி. வாசலிலேயே அம்மோனியா நாற்றம் மூக்கில் குத்தியது. உள்ளே அரவை மிஷின் உறுமிக்கொண்டிருந்தது. மாமனார் கொக்கியால் ஐஸ் பாளத்தை இழுத்து அதன் வாயில் தள்ளினார். பாறை மாதிரி உள்ளே போனது பொடிப்பொடியாக வெளியே கொட்டியது. அவர் தோளில் துண்டைக் காணோம்.

"என் மருந்து எங்க மாமா?"

அவர் மிஷினை நிறுத்தினார்.

"இதுலயா போட்டீங்க?" என்று மிஷினைக் காட்டினாள். வேலையாட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் முகம் சுருங்கிப்போனது. கொக்கியைச் சுவரில் சாய்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். காலையில் அவள் வேலைக்குப் போனதுமே தெரு முழுக்கக் கரண்டு போய்விட்டதாம். மத்தியானம் சாப்பிட வந்தவர் பிரிட்ஜ் ஒழுகுவதைப் பார்த்திருக்கிறார். பெட்டியைத் தொட்டால் வெதுவெதுப்பு. பேக்டரிக்கு ஜெனரேட்டர் உண்டு. துண்டை நனைத்துச் சுற்றிக்கொண்டு வெயிலில் ஓடி வந்திருக்கிறார்.

தரையில் கிடந்த தண்ணீர் அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கதவைத் திறந்தபோது பிரிட்ஜுக்குள் விளக்கு எரியாததும் இப்போதுதான் நினைவுக்கு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"தப்பா நெனச்சுட்டேன் மாமா."

"நெனச்சா நெனச்சுக்க. அந்த டாக்டருங்கள நான் இப்பவும் நம்பல. அதுக்காக என் பேரப்புள்ளைய வேக விடுவேனா?"

பேரப்புள்ளை என்று அவர் வாயால் அவள் கேட்டது அதுவே முதல் தடவை. கண்ணைத் துடைத்தபடி சிரித்தாள். புருஷனிடம் முதலில் இதைச் சொல்ல வேண்டும் என்று போனைக் கையில் எடுத்தாள்.

அவர் பின்னறைக்குள் போனார். உள்ளே எதையோ கொத்துகிற சத்தம் கேட்டது, ஒரு தரம், இரண்டு தரம்.

திரும்பி வந்தவரின் இரண்டு கைகளிலும் அந்தத் துண்டு பலகை மாதிரி விறைத்துக் கிடந்தது. அதைப் பிரித்துப் பெட்டியை எடுத்து நீட்டினார். மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாக ஐஸ் படிந்திருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு மீனைக்கூட நான் கெட விட்டதில்லை என்றார். அவர் சிரித்து அவள் பார்த்ததே இல்லை, இப்போது சிரித்தார்.

"பாளத்துக்கு நடுவுல புதைச்சு வெச்சேன். தட்டிப் பாரும்மா, கல்லு மாதிரி உறைஞ்சிருக்கு."